சாட்சி எண் இரண்டு

நவம்பர் பிறந்தால்
நான் உயிரோடு இருப்பதை
தண்டையார்பேட்டை பேங்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.
வாய் சொன்னால் செல்லாது.
கட்டைவிரல் சொல்ல வேண்டும்.

காசிமேட்டில் பத்தொன்பது வருஷமாய்
இறால் தலை கிள்ளுகிற விரல்.
ஐஸ் தண்ணியில் ஊறி ஊறி
ரேகை எந்தக் கூடையோடு ஏலம் போனதோ.
மெஷின் சிவப்பு காட்டும்.
"அழுத்துங்கம்மா."
அழுத்துவேன்.
"தொடச்சிட்டு அழுத்துங்க."
முந்தானையில் துடைத்து அழுத்துவேன்.
ஏழாவது தடவை
போனால் போகிறதென்று பச்சை எரியும்.

அவர் எல்லையில் சாகவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
கேட்கிறவர்கள் எல்லாரும்
கார்கிலா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.
பதினேழு வருஷம் பட்டாளத்து லாரியில்
லடாக் வரைக்கும் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போய்
ஒரு கீறல் இல்லாமல் திரும்பிய நாயக் தேசிங்கு,
மணலியில் ஒரு ஏ.டி.எம். வாசலில்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி
ராத்திரி மூணு மணிக்குப் போனார்.
விடிகாலையில் பணம் எடுக்க வந்தவர்
தூங்குகிற மனுஷனை எழுப்பக் கூடாதென்று
கதவை மெதுவாகத் திறந்தாராம்.

ஏழு வருஷம் பாதிச் சம்பளம் வந்தது.
அப்புறம் நூற்றுக்கு முப்பது.
துக்கம் அதற்குள் குறைந்திருக்கும் என்று
யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
தப்பான கணக்கும் இல்லை.

பெங்களூர் ரெக்கார்டு ஆபீசில் நான் சற்குணம் இல்லை.
சர்குனா.
தமிழ் தெரியாத ஒரு கிளார்க் பெற்றெடுத்த பெண்.
பணம் அவளுக்குத்தான் வருகிறது.
கேண்டீன் கார்டு அவளுக்கு,
முட்டி வலி மாத்திரையும் அவளுக்கு.
அவள் பேரைச் சொல்லித்தான்
என் மகள் நர்சிங் முடித்தாள்.

இரண்டாவது தாள் இருக்கிறது.
*கணவர் இறந்த தேதி முதல் இன்றுவரை
நான் மறுமணம் புரியவில்லை
என உறுதி கூறுகிறேன்.*
கீழே இரண்டு சாட்சிகள்.

சாட்சி எண் ஒன்று
எதிர் ஜெராக்ஸ் கடைக்காரர்.
தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிறுக்குவார்.
சாட்சி எண் இரண்டு
ஐஸ் வண்டி செபஸ்தி.

வருஷா வருஷம் என்னை ஏற்றிக்கொண்டு வருவது அவர்தான்.
முன்சீட்டில் துண்டை விரித்துப்போடுவார்,
பின்னால் பத்துப் பார் ஐஸ்,
உமி மூட்டை, தார்ப்பாய்.
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்து வருகிற வழியெல்லாம்
விசைப்படகுத் தடைக்காலம் பற்றியும்
டீசல் விலை பற்றியும் பேசுவார்.

ஒரே ஒரு தடவை,
தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்புகையில்,
ரயில்வே கேட் மூடியிருந்தபோது,
ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"சர்குனா கண்ணாலம் பண்ணிக்க வேணாம்.
அந்தம்மா அப்படியே இருக்கட்டும்.
சற்குணம் பண்ணிக்கினா
கவர்மெண்டுக்கு இன்னா தெரியப்போவுது?"
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
நான் பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
கேட் திறந்தது.

மகளிடம் சொல்லவில்லை.
மாதாவிடம் அவர் சொல்லியிருக்கலாம்,
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது வாடகை,
சிலிண்டர்,
கிள்ளுகிற விரல் எத்தனை நாளைக்கு என்பது.

இந்த வருஷமும் பேனாவை நான்தான் கொடுத்தேன்.
மூக்குக் கண்ணாடி இல்லாமல்
தாளைத் தள்ளிப் பிடித்து
ஒவ்வொரு வரியாகப் படித்தார்.
தெரியாத சங்கதி போல,
முழுசாக.
பெயர் எழுதினார். விலாசம் எழுதினார்.
*விண்ணப்பதாரருக்கு என்ன உறவு* என்ற கட்டத்துக்கு வந்து
பேனா நின்றது.
எப்போதும் ஒரு சின்னக் கோடு போடுவார்.

"சீக்கிரம் சார், லஞ்ச் டைம்"
என்றாள் கவுண்டர் பெண்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
வண்டியின் அடியிலிருந்து
தண்ணீர் ஒழுகி
ரோட்டோரப் பள்ளத்தில் தேங்கிக்கொண்டிருந்தது.
ஒரு பார் போயிருக்கும்,
ஒன்றரைகூட இருக்கலாம்.
கரைந்ததற்குக் காசு கொடுக்கிறேன் என்று
ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.
"கணக்குல எழுதிக்கிறேன்" என்பார்.

கோடு போட்டார்.
கொஞ்சம் நீளமான கோடு,
கட்டத்துக்கு வெளியேயும் போயிருந்தது.
அவள் கவனிக்காமல் சீல் குத்தினாள்.